கிரவுஸ் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றியுள்ள காடுகளில், ஒன்டாரியோ, மிச்சிகன், மினசோட்டா போன்ற இடங்களில், இலையுதிர்காலத்தில் சிறு வேட்டைக்குச் செல்ல விரும்பும் தமிழர்கள் முதலில் கேட்பது துப்பாக்கியைப் பற்றித்தான். அந்தக் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

கிரவுஸ் என்பது எந்தப் பறவை? நம் ஊர்க் கௌதாரிதானா?

கௌதாரிக்கு உறவுதான், ஆனால் கௌதாரி அன்று. இரண்டும் கோழியும் மயிலும் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்டாரியோவிலும் மெய்ன் மாநிலத்திலும் ஊர்க்காரர்கள் பலர் இதைப் 'பார்ட்ரிட்ஜ்' என்றே அழைப்பதால், கடையில் அந்தச் சொல் காதில் விழுந்தால் குழம்ப வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கல்கௌதாரி எனப்படும் பறவையின் ஆங்கிலப் பெயரிலும் 'கிரவுஸ்' உண்டு. அது முற்றிலும் வேறு இனம்.

இந்தப் பக்கம் பேசுவது ரஃப்டு கிரவுஸைப் பற்றி. அரைக் கிலோ முதல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு வரை எடையுள்ள, கழுத்தைச் சுற்றிக் கருமையான இறகுக்கற்றை கொண்ட பறவை இது. ஆஸ்பென் மரங்களை வெட்டியபின் நெருக்கமாகத் தழைத்தெழும் இளங்காடுகளே இதற்குப் பிடித்த இடம். ஆள் அருகில் வரும்வரை அசையாமல் இருந்துவிட்டு, காலடியிலிருந்தே பேரொலியுடன் சிறகடித்து எழுந்து, இரண்டு நொடிக்குள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிடும். கீழே வரும் விடைகள் அனைத்துக்கும் இந்த இரண்டு நொடியே அடிப்படை.

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் ஆகஸ்ட் 12 அன்று வேட்டைப் பருவம் தொடங்கும் சிவப்பு கிரவுஸ் திறந்த புதர்வெளியில் வாழ்வது. அங்கே ஆட்களை வைத்துப் பறவைகளை விரட்டி வரச்செய்து, மறைவில் நின்று சுடுகிறார்கள். அந்த வேட்டைக்கு எழுதப்பட்ட ஆலோசனைகளைக் காட்டு கிரவுஸுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

துப்பாக்கியைத் தேடும் முன் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

பறக்கும் பறவையைச் சுடப்போகிறீர்களா, உட்கார்ந்திருக்கும் பறவையையா என்பதைத்தான். நாயுடன் இளங்காட்டுக்குள் நுழைந்து, எழும்பும் பறவையைச் சுடுவது ஒரு வழி. மரம் வெட்டும் வண்டிகளுக்காகப் போடப்பட்ட பழைய மண்பாதைகளில் காலையிலும் மாலையிலும் மெதுவாக நடந்து, சரளைக்கல்லும் குளோவர் இலையும் கொத்த வந்த பறவையைத் தரையிலேயே சுடுவது இன்னொரு வழி. முதல் வழிக்காரர்கள் இரண்டாவதை இகழ்வதுண்டு. சட்டம் அனுமதிக்கும் இடத்தில், சமைத்து உண்பதற்காகச் செல்பவரை இகழ எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி சிறப்பாகப் பொருந்தாது. பறக்கும் பறவைக்கு, ஒரே வெடியில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் ரவைத் துப்பாக்கி மட்டுமே. தரையில் நிற்கும் பறவைக்கு ரவைத் துப்பாக்கியும் ஆகும், சிறிய ஒற்றைக் குண்டைச் சுடும் .22 ரைஃபிளும் ஆகும்.

எத்தனை பவுண்டு எடை இருக்கலாம்?

கடைக்காரரிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பலர் கடைசியில் கேட்கிறார்கள். கிரவுஸ் வேட்டை என்பது பெரும்பாலும் நடைதான். ஆறு மணி நேரம் நடந்து ஐந்தாறு முறை சுட்டால் அது நல்ல நாள். ஒரு கை கிளைகளை விலக்கிக்கொண்டிருக்க, மற்றொரு கையில்தான் துப்பாக்கி இருக்கும். பிற்பகலில் கை சோர்ந்து குழல் தாழ்ந்த நேரத்தில்தான் பறவை எழும்பும். தாழ்ந்த குழலைத் தூக்கித் தோளில் அணைப்பதற்குள் அது போய்விடும்.

என் அனுபவத்தில் ஐந்தரை முதல் ஆறரைப் பவுண்டு, அதாவது 2.5 முதல் 3 கிலோ வரை, ஏற்ற எடை. முதல் பருவத்தில் எட்டுப் பவுண்டுக்கு நெருக்கமான ஒரு வாத்துத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அந்த ஆண்டு நான் தவறவிட்ட பறவைகளில் பாதிக்கு என் குறியைவிடத் தோள்வலியே காரணம்.

அதே சமயம் அளவுக்கு மீறி இலேசானதும் நல்லதன்று. இலேசான துப்பாக்கி விரைவாகத் தோளுக்கு வரும், ஆனால் வீச்சு தொடராமல் பாதியில் நின்றுவிடும், பின்னுதைப்பும் கூடும். பிர்மிங்காமைச் சேர்ந்த 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் ஒரு கணக்கு சொன்னார்: துப்பாக்கியின் எடை, தோட்டாவிலுள்ள ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும். ஒரு அவுன்ஸ் ரவைக்கு ஆறு பவுண்டு. எட்டில் ஏழு அவுன்ஸுக்கு ஐந்தேகால் பவுண்டு. ஆறு பவுண்டுத் துப்பாக்கியில் வாத்துக்கான கனத்த தோட்டாவை ஏன் போடக் கூடாது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

'12 போர்', '20 போர்' என்பவை எதைக் குறிக்கின்றன? எது வேண்டும்?

குழலின் உள்விட்டத்துக்குச் சரியான ஈய உருண்டைகள் ஒரு பவுண்டுக்கு எத்தனை நிற்குமோ, அந்த எண்ணிக்கையே போர் எண். ஆகவே எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 12 போரின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர், 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் 14. '.410' மட்டும் இந்தக் கணக்கில் வராது. அது அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம், ஏறத்தாழ 10.4 மில்லிமீட்டர்.

புதிதாக ஒன்று வாங்குவதானால் 20 போர் வாங்குங்கள். துப்பாக்கியின் உடலே சிறியது என்பதால் ஆறு பவுண்டு எடையை எளிதாக எட்டலாம். தோட்டா சிற்றூர்க் கடைகளிலும் கிடைக்கும். எட்டில் ஏழு அவுன்ஸ் தோட்டாவில் ஏழரை எண் ஈய ரவை சுமார் 300 இருக்கும், 20 கெஜத் தூரத்துக்கு அது தாராளம். கிரவுஸ் மெல்லிய தோல் கொண்ட பறவை. சில ரவைகள் பட்டாலே விழுந்துவிடும்.

12 போர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், அதன் எடை ஏழு பவுண்டைத் தாண்டாதவரை, வேறொன்றுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். ஒரு அவுன்ஸ் இலேசான தோட்டாவைப் போட்டால் அதுவே நல்ல கிரவுஸ் துப்பாக்கியாகிவிடும். 16 போர் அழகான சமநிலை கொண்டது. 12 போரின் ரவையை 20 போரின் உடலில் சுமப்பது என்று அதன் அன்பர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் தோட்டாவை ஊர் ஊராகத் தேட வேண்டியிருக்கும். 28 போர் முக்கால் அவுன்ஸ் ரவையுடன் கிரவுஸைத் தாராளமாக வீழ்த்தும், தோளையும் வருத்தாது. தோட்டா விலைதான் வருத்தும்.

.410 இலேசானதாயிற்றே, புதியவருக்கு அதுவே நல்லதல்லவா?

சிறுவர்களுக்கு முதல் துப்பாக்கியாக .410 வாங்கித் தரும் பழக்கம் உண்டு. பறக்கும் பறவையைப் பொறுத்தவரை அது தவறு. இரண்டரை அங்குலத் தோட்டாவில் அரை அவுன்ஸ் ரவைதான் இருக்கும். ஏழரை எண்ணில் அது சுமார் 175. அந்தச் சொற்ப ரவையைக் கொண்டு பறவையைச் சூழ்வதற்குக் கைதேர்ந்தவரே திணறுவார். பறவை காயத்துடன் தப்பிப் புதருக்குள் மடிவதற்கே வாய்ப்பு அதிகம். தரையில் பத்துப் பதினைந்து கெஜத்தில் நிற்கும் பறவைக்கு மட்டும் அது போதும்.

சோக் என்பது என்ன? எதைத் தேர்வது?

குழலின் வாயருகே உள்விட்டத்தைச் சற்று ஒடுக்குவதற்குச் சோக் என்று பெயர். ஒடுக்கம் கூடினால் ரவைக்கூட்டம் நெருங்கித் தொலைவு செல்லும். ஒடுக்கம் இல்லாவிட்டால் விரைவில் விரியும். 40 கெஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுக்காடு ரவை விழுகிறது என்பதே அளவுகோல்: ஒடுக்கமில்லாத 'சிலிண்டர்' குழலில் சுமார் 40, 'இம்ப்ரூவ்டு சிலிண்டரில்' 50, 'மாடிஃபைடில்' 60, 'ஃபுல்லில்' 70.

கிரவுஸைப் பெரும்பாலும் 20 கெஜத்துக்குள்தான் சுடுகிறோம். அந்தத் தூரத்தில் சிலிண்டர் குழலின் ரவைக்கூட்டம் சுமார் 80 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஃபுல் சோக்கில் அதில் பாதி அகலமே இருக்கும். நெருக்கமான கூட்டம் தவறினால் பறவை பிழைக்கும், பட்டால் இறைச்சி சல்லடையாகும். எனவே ஒற்றைக்குழலானால் சிலிண்டர், ஸ்கீட் (சிலிண்டருக்கும் இம்ப்ரூவ்டு சிலிண்டருக்கும் இடைப்பட்ட ஒடுக்கம்), இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஆகிய மூன்றில் ஒன்று. இரட்டைக்குழலானால் முதல் குழலில் சிலிண்டர் அல்லது ஸ்கீட், இரண்டாவதில் இம்ப்ரூவ்டு சிலிண்டர். நவம்பரில் இலை முழுதும் உதிர்ந்து, பறவைகள் தொலைவிலேயே எழும்பத் தொடங்கியபின், இரண்டாவதை மாடிஃபைடுக்கு மாற்றலாம்.

எந்த எண் ரவை? ஈயமா, எஃகா?

ரவை எண்ணும் போர் எண்ணைப் போலத் தலைகீழானது: எண் கூடினால் ரவை சிறுக்கும். இலையடர்ந்த பருவத் தொடக்கத்துக்கு 8 (விட்டம் 2.29 மில்லிமீட்டர்) அல்லது ஏழரை (2.41), இலையுதிர்ந்த பிறகு ஏழரை அல்லது 6 (2.79). ஒரே பெட்டி மட்டும் வாங்குவதானால் ஏழரை.

ஈயத்துக்கு மாற்றாக எஃகைப் பயன்படுத்தினால், எஃகு இலேசானது என்பதால், இரண்டு எண் பெரிய ரவையாக எடுக்க வேண்டும். ஏழரைக்குப் பதில் 6. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமற்ற குண்டும் ரவையும் கட்டாயம். மற்ற இடங்களில் கிரவுஸுக்கு ஈயம் பரவலாக அனுமதிக்கப்பட்டாலும், சில பொதுநிலங்களில் தனி விதி இருக்கக்கூடும். செல்லும் இடத்தின் விதிநூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஈயத்துக்காகச் செய்த பழைய, மெல்லிய, ஒடுக்கமான குழல்களில் எஃகைச் சுடக் கூடாது. அவற்றுக்கு விலை கூடிய பிஸ்மத் ரவை பொருந்தும்.

இரட்டைக்குழலா, பம்ப்பா, தானியங்கியா?

பம்ப் என்பது முன்பிடியைக் கையால் இழுத்துத் தள்ளித் தோட்டா மாற்றுவது. தானியங்கி சுட்டதும் தானே மாற்றிக்கொள்வது. இரட்டைக்குழலின் நன்மை மூன்று. தோட்டா மாற்றும் இயந்திரப்பகுதி இல்லாததால் அதே குழல்நீளத்தில் மொத்த நீளம் குறைவு. அடர்ந்த புதரில் சில அங்குலமும் பெரிது. இரண்டு குழலுக்கு இரண்டு சோக். மூன்றாவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: விழுந்த மரத்தையோ வேலியையோ தாண்டும்போது துப்பாக்கியை மடித்துத் திறந்துவிட்டால், அது சுடாது என்பது உடன் வருபவருக்கும் கண்ணுக்கு நேரே தெரியும். பக்கவாட்டில் இணைந்த குழல்களா, மேலும் கீழுமாக அமைந்தவையா என்பது விருப்பத்தைப் பொறுத்தது. இன்று கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது மேல்கீழ் வகை. 1973இல் வந்த பிரவுனிங் சிட்டோரி அவற்றுள் பரவலாகத் தெரிந்த ஒன்று. நல்ல இரட்டைக்குழல் விலை மிகுந்தது. மிக மலிவாகக் கிடைக்கும் இரட்டைக்குழல் பெரும்பாலும் கனமாகவும் தடித்தும் இருக்கும். அந்த விலைக்கு நல்ல பம்ப் வாங்குவதே அறிவு.

பம்ப் துப்பாக்கி மலிவு, உறுதி, மழைக்கும் சேற்றுக்கும் அஞ்சாதது. 1950இல் வெளிவந்த ரெமிங்டன் 870இன் ஒரு கோடியாவது துப்பாக்கி 2009இல் தயாரானது என்றால் அதன் பரவலை ஊகிக்கலாம். கிரவுஸுக்கு என்று கேட்டால் நான் காட்டுவது பழைய இத்தாக்கா 37. 1937இல் தொடங்கிய இந்த வடிவத்தில் தோட்டா ஏறுவதும் வெற்றுத்தோட்டா விழுவதும் அடிப்பக்கத் திறப்பு வழியாகவே. எனவே இடக்கைக்காரரின் முகத்துக்குக் குறுக்கே எதுவும் பறக்காது. 20 போரில் அதன் எடையும் ஆறு பவுண்டை ஒட்டியே இருக்கும்.

தானியங்கித் துப்பாக்கியில் பின்னுதைப்பு குறைவு. துப்புரவு வேலை அதிகம். கனடாவில் வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2020 மே முதல் 'அரை-தானியங்கி' எனச் சட்டம் குறிக்கும் இவ்வகைத் துப்பாக்கிகளில் பல மாதிரிகள் தடைப்பட்டியலில் அடுத்தடுத்துச் சேர்க்கப்பட்டு வருகின்றன. எனவே ஒரு மாதிரியின் இன்றைய சட்டநிலையைச் சரிபார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பம்ப்பிலும் தானியங்கியிலும், உள்ளே நிற்கும் தோட்டாக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் உள்ளடைப்புக் கட்டையை அகற்றாதீர்கள். கிரவுஸ் காட்டில்தான் உட்காக் என்னும் நீள்மூக்குப் பறவையும் எழும்பும். அது வலசைப் பறவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் அதைச் சுடும் துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இடம் இருக்கக் கூடாது.

நண்பரின் தாத்தா காலத்து இரட்டைக்குழல் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா?

துப்பாக்கித் தச்சர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை கூடாது. இன்றைய இயல்பான தோட்டா 70 மில்லிமீட்டர்; பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் தோட்டா அமரும் அறை அதைவிடக் குட்டையானது. குட்டை அறைக்குள்ளும் நீண்ட தோட்டா நுழைந்துவிடும், ஏனெனில் அதன் வாய் மடிந்திருக்கிறது. வெடிக்கும்போது விரிய இடமின்றி அழுத்தம் அபாய அளவுக்கு ஏறும். நுழைந்தது என்பதாலேயே பொருந்தியது என்று எண்ணக் கூடாது. குழலில் முறுக்குக்கம்பி போன்ற கோடுகள் தெரிந்தால் அது டமாஸ்கஸ் வகை, பழைய வெடிமருந்தான கரும்பொடியின் காலத்தது. சுவரில் மாட்டி வையுங்கள்.

.22 ரைஃபிள் போதாதா?

தரையில் அசையாமல் நிற்கும் பறவைக்கு, சட்டம் இடம் தரும் பகுதியில், போதும். வடக்குக் காடுகளில் வாழும் ஸ்புரூஸ் கிரவுஸ் ஆளைக் கண்டும் அஞ்சாது. அதனாலேயே அதற்கு 'முட்டாள் கோழி' என்று பட்டப்பெயர். அதன் தலையையோ கழுத்தடியையோ குறிவைத்தால் நெஞ்சிறைச்சி ஒரு ரவைகூடப் படாமல் கிடைக்கும். ஆனால் மிச்சிகனில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. இனத்தைப் பிரித்தறியாதவர் அங்கே விசையில் விரல் வைக்கவே கூடாது. 1964 முதல் விற்பனையாகும் ரூகர் 10/22 போன்ற சாதாரண .22 எதுவும் வேலைக்கு ஆகும்.

ஆபத்து குண்டின் தொலைவில் இருக்கிறது. இரண்டரை கிராம் எடைதான், ஆனால் சாய்வாக மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீட்டரையும் தாண்டிச் செல்லக்கூடியது. எனவே பறக்கும் பறவையையும், கிளையில் வானத்தைப் பின்னணியாகக் கொண்டு அமர்ந்திருக்கும் பறவையையும் ரைஃபிளால் சுடக் கூடாது. பின்னால் மண்மேடு இருந்தால் மட்டுமே சுடலாம்.

ரைஃபிளும் ரவைக்குழலும் இணைந்த துப்பாக்கி எப்படி?

மேலே .22, கீழே .410 அல்லது 20 போர் என்று அமைந்த சாவேஜ் 24 பழைய துப்பாக்கிகளிடையே இன்றும் கிடைக்கிறது. அமெரிக்க விமானப்படை ஆபத்துக்காலத்தில் உயிர்பிழைக்க விமானிகளுக்கு வழங்கிய எம்6 துப்பாக்கியும் இந்த வகையே. முயல், அணில், கிரவுஸ் எது எதிர்ப்பட்டாலும் சமாளிக்க விரும்பி மண்பாதையில் தனியே நடப்பவருக்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை என்றே சொல்வேன். பறக்கும் பறவைக்கு மட்டும் இது உதவாது: ஒரே ஒரு ரவைத்தோட்டா, எந்தக் குழல் என்று தேர்ந்தெடுக்கும் விசை, போதாக்குறைக்குக் கையால் இழுக்க வேண்டிய சுத்தி, இவற்றைச் சரிசெய்வதற்குள் அந்த இரண்டு நொடி கடந்துவிடும்.

20 போர்த் தோட்டா ஏன் மஞ்சள் நிறத்தில் இருக்கிறது?

12 போரும் 20 போரும் ஒரே வீட்டில் இருந்தால் நேரக்கூடிய விபத்தைத் தடுப்பதற்காக. 20 போர்த் தோட்டாவைத் தவறி 12 போர்க் குழலில் போட்டால், அது வழுக்கிச் சென்று நடுவில் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று எண்ணி அதன் பின்னால் 12 போர்த் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துவிடும். நிறத்தை மட்டும் நம்பாமல், கிளம்பும் முன் சட்டைப்பைகளைக் காலி செய்து, அன்றைய துப்பாக்கிக்கான தோட்டாவை மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

உரிமம் பெறுவது எப்படி?

கனடாவில் முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி. தேர்வில் 80 விழுக்காடு பெற வேண்டும். பிறகு, 18 வயது நிரம்பியவர், துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவுமான உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். முதன்முறை விண்ணப்பிப்போருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. ஒன்டாரியோவில் இதற்கு மேல் வேட்டைக்கல்வித் தேர்வு, அவுட்டோர்ஸ் அட்டை, சிறுவேட்டை உரிமம் ஆகியவையும் தேவை. மான், மூஸ் (பெரிய மான் இனம்) துப்பாக்கிப் பருவம் நடக்கும் பகுதியில் கிரவுஸ் வேட்டைக்காரரும் செம்மஞ்சள் மேலாடையும் தொப்பியும் அணிய வேண்டும்.

அமெரிக்காவில் எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் தமிழர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். கூட்டாட்சிச் சட்டப்படி, தற்காலிக விசாவில் உள்ளோர் துப்பாக்கி வைத்திருப்பது பொதுவாகக் குற்றம். அமெரிக்க மாநிலம் ஒன்றின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அதற்கான விலக்குகளுள் ஒன்று. எனவே உரிமத்தை முதலில் எடுங்கள், துப்பாக்கியைப் பிறகு தொடுங்கள். நண்பரிடம் இரவல் வாங்குவதற்கும் இது பொருந்தும். நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்றோருக்கு இந்தத் தடை இல்லை.

கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் எதைச் சோதிப்பது?

முதலில் திறந்து, காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். கடைக்காரரின் அனுமதியுடன் ஆளில்லாத சுவர்மூலை ஒன்றை நோக்கி நில்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் அணைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். குழலின் மேல்வரி நேராக மூலையை நோக்கியிருந்தால் அது உங்கள் உடலுக்குப் பொருந்துகிறது. குழலின் பின்பகுதி மட்டும் தெரிந்தாலோ, கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தாலோ, தோளில் அணையும் கட்டை பொருந்தவில்லை என்று பொருள். விசைக்கும் கட்டையின் முனைக்கும் இடையிலான நீளம் இங்கே பொதுவாக 14 அங்குலத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் குளிர்காலத் தடித்த மேலாடையுடன் எடுத்தால் அது அக்குளில் சிக்கும். ஆகவே கடைக்குக் காட்டில் அணியும் ஆடையிலேயே செல்லுங்கள். ஓர் அங்குலம் குட்டையான, இளையோருக்கான கட்டை பொருந்தினால் வெட்கப்படாமல் வாங்குங்கள்.

பிறகு பாதுகாப்புப் பூட்டு. தோளுக்கு ஏறும் அசைவிலேயே, பார்க்காமல், கட்டைவிரல் அதைத் தள்ள வேண்டும். விரல் தேடினால் வேறொன்றைக் கேளுங்கள். கடைசியாக, துப்பாக்கியை ஒரே கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் கடைக்குள் நடங்கள். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். ஐந்தாவது நிமிடத்தில் கை மாற்றத் தோன்றினால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள்.